மகளின் மடிக்கணினிக்கு விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?

வாசகர் கேள்வி – கணினிப் பகுதி

கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை மடிக்கணினியைப் பற்றியவையாகவே இருக்கும். இந்த முறை வந்தவற்றில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் நவி மும்பையில் ஒரு பொறியியல் கல்லூரியில் எக்ஸ்டிசி (எலெக்ட்ரானிக்ஸ், தொலைத்தொடர்பு) பிரிவில் இரண்டாம் ஆண்டுக்குச் செல்கிறாள். 65,000 ரூபாய்க்குள் ஒரு மடிக்கணினி வாங்கித் தர இருக்கிறோம். புனேயில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், “கொஞ்சம் கூடப் போட்டு மேக் வாங்குங்கள் அத்தை, நின்று உழைக்கும்” என்கிறான். என் தம்பியோ, எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பெண்ணுக்கு லினக்ஸ்தான் சரி என்கிறான். கடைக்காரர் விண்டோஸ் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, சயான் கோலிவாடா

பதில்: மூவரும் தங்கள் வேலைக்கு எது பொருந்தியதோ அதைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மகளுடைய ஆய்வகத்தில் என்னென்ன மென்பொருள்கள் ஓடுகின்றன என்று மூவரில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதைக் கேட்காமல் இயங்குதளத்தை முடிவு செய்வது, நிலையின் அளவை எடுக்காமல் கதவு செய்யக் கொடுப்பதைப் போன்றது. ஆகவே முதலில் மகளிடம் ஒரு வேலை சொல்லுங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவிகள் யாரிடமாவது அவர்களுடைய ஆய்வக ஜர்னலை வாங்கி, முதல் பக்கத்தில் இருக்கும் பரிசோதனைப் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த மென்பொருளில் செய்யப்பட்டது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வரட்டும். அரை மணி நேர வேலைதான். உறவினர் அனைவருடைய ஆலோசனையையும்விட அந்தத் தாள் மதிப்புள்ளது.

எக்ஸ்டிசி பிரிவில் அந்தத் தாளில் என்ன இருக்கும் என்பதை ஓரளவு இங்கிருந்தே சொல்லிவிடலாம். மைக்ரோகண்ட்ரோலர் என்னும் குட்டிக் கணினிச் சில்லுகளுக்கான ஆய்வகம் என்றால், அவற்றுக்கு நிரல் எழுதும் கெய்ல் பெரும்பாலும் இருக்கும். மின்சுற்றுகளைத் திரையிலேயே ஓட்டிப் பார்க்கப் பல கல்லூரிகளில் புரோட்டியஸ் இருக்கும். இவை இரண்டும் விண்டோஸுக்கென எழுதப்பட்டவை. எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சில்லு) பாடத்துக்கு வரும் விவாடோ, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடுமே தவிர, மேக்கில் ஓடாது. கணக்கீடுகளுக்கான மேட்லேப் மூன்றிலும் ஓடும். சில கல்லூரிகளில் 1990களில் சி மொழி நிரல் எழுதப் பயன்பட்ட டர்போ சி கூட அந்த நீலத் திரையோடு இன்னும் உயிரோடிருக்கிறது. அதற்கு எந்த இயங்குதளமும் ஒன்றுதான், எல்லாவற்றிலும் பழைய கணினியைப் போல நடிக்கும் ஒரு மென்பொருளுக்குள் வைத்துத்தான் அதை ஓட்டுவார்கள்.

மேக்கை நான் குறை சொல்லவில்லை. இந்தப் பதிலை எழுதுவதே மேக்கில்தான். முன்பெல்லாம், இன்டெல் சில்லுகள் இருந்த மேக்குகளில் விண்டோஸையும் பக்கத்தில் நிறுவிக்கொண்டு, தேவைப்படும்போது அதற்குள் நுழையலாம். ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 என்னும் தன்னுடைய சொந்தச் சில்லுக்கு மாறத் தொடங்கியதோடு அந்த வழி அடைபட்டுவிட்டது. இப்போது மேக்கில் விண்டோஸ் வேண்டுமென்றால், மேக்குக்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதற்குள் ஏஆர்எம் சில்லுகளுக்கான (ஆப்பிளின் சில்லும் அந்த வகைதான்) விண்டோஸை ஓட்ட வேண்டும். எழுத்து வேலைக்கு அது போதும். யுஎஸ்பியில் ஒரு சோதனைப் பலகையைச் செருகி, அதற்குள் நிரல் ஏற்ற வேண்டிய மாணவிக்கு அதில் டிரைவர் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) தகராறு வர வாய்ப்பு அதிகம்.

உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், இன்று சில்லு வடிவமைப்புத் துறையில் தவிர்க்க முடியாதது. கேடன்ஸ், சினாப்சிஸ் போன்ற நிறுவனங்களின் வடிவமைப்புக் கருவிகள் ஓடுவது லினக்ஸில்தான். ஆனால் அந்தக் கருவிகள் கல்லூரியின் சர்வரில் இருப்பவை. வீட்டுக் கணினியில் அவற்றை நிறுவ யாரும் உரிமம் தரப்போவதில்லை. மகள் செய்ய வேண்டியது லினக்ஸில் கை பழகுவது மட்டுமே, அதற்கு விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11க்குள்ளேயே லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும் வசதியை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தருகிறது. கற்றுக்கொள்ள வகுப்புத் தேடி அலையவும் வேண்டாம். பவாயில் உள்ள ஐ.ஐ.டி. பம்பாயில் உருவான ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் லினக்ஸ் பாடங்களைச் சிறு சிறு காணொளிகளாகத் தமிழிலும் இலவசமாகத் தருகிறது. அதே வளாகத்தின் ஃபாஸி திட்டம் உருவாக்கிய ஈசிம் என்னும் மின்சுற்று வடிவமைப்பு மென்பொருளும் கட்டணமில்லாதது, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடக்கூடியது.

ஆக, உங்கள் மகளுக்கு விண்டோஸ். ஆனால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கிவிடாதீர்கள். ரேம் 16 ஜிபி இருக்க வேண்டும். 8 ஜிபி மட்டுமே இருந்தால், பின்னால் கூட்டிக்கொள்ளக் காலி இடம் இருக்கிறதா அல்லது பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டதா என்று கேளுங்கள். விண்டோஸ் இருந்தாலும் சில்லு ஸ்நாப்டிராகன் வகையாக (அதுவும் ஏஆர்எம்தான்) இருந்தால், அது இந்தப் பிரிவுக்கு வேண்டாம். அதன் மின்கலம் நெடுநேரம் நிற்கும் என்பது உண்மை, ஆனால் ஆய்வகக் கருவிகளின் பழைய டிரைவர்கள் அதில் ஏறமாட்டா. லாமிங்டன் ரோட்டில் விலை குறைவாகச் சொல்லப்படும் கணினியின் பெட்டியில் “ஃப்ரீடாஸ்” என்று அச்சிட்டிருந்தால், அதில் விண்டோஸ் கிடையாது என்று பொருள். “நாங்களே போட்டுத் தருகிறோம்” என்று சொன்னால், உரிமத்துக்குப் பில் உண்டா என்று கேளுங்கள். கடைசியாக, எடை. ஜி.டி.பி. நகரில் ஏறி வாசி வரை காலை நெரிசலில் பையை மார்பில் கட்டிக்கொண்டு நிற்கப்போவது அவள்தான். இரண்டரைக் கிலோ கேமிங் மடிக்கணினியைக் கடையில் ஒரு கையால் தூக்கிக் காட்டுபவர் அந்த ரயிலில் வரப்போவதில்லை.

கேள்வி: நான் பி.காம். கணக்கியல், நிதிப் பிரிவில் படிக்கிறேன். துபாயில் இருக்கும் மாமா தன்னுடைய 2017ஆம் ஆண்டு மேக்புக் ஏரை எனக்குத் தருவதாகச் சொல்கிறார். கல்லூரிக்கு அது போதுமா?
– வாசகர், தாராவி

பதில்: தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மடிக்கணினியை மட்டும் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். அந்த மேக்புக் ஏர், மேக் இயங்குதளத்தின் மான்டரே என்னும் பதிப்புக்கு மேல் ஏறாது. மான்டரேவுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன. அதில் விண்டோஸ் 10ஐ நிறுவலாம் என்று யாராவது சொன்னால், அதற்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ நிறுவ அந்தக் கணினி தகுதி பெறாது. வங்கிக் கணக்கையும் வருமான வரித் தளத்தையும் திறக்கப்போகும் கணினி இப்படி இருக்கக் கூடாது.

உங்கள் பிரிவில் இன்னும் பெரிய இடைஞ்சல் டேலி என்னும் கணக்கு மென்பொருள். அது விண்டோஸில் மட்டுமே ஓடும். எக்செல் மேக்கில் உண்டு என்றாலும், பெரிய தரவுகளை அலசும் பவர் பிவட் வசதி அதில் இல்லை. ஆல்ட் விசையை அழுத்தி, எழுத்துகளை வரிசையாகத் தட்டி வேலையை முடிக்கும் பழக்கமும் மேக்கில் அப்படியே கைகொடுக்காது. ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்டிகிள்ஷிப் என்னும் பயிற்சிக்குப் போகும் முதல் நாளே சீனியர்கள் கவனிப்பது அந்த விரல் வேகத்தைத்தான்.

மாமாவின் பரிசை மறுக்க வேண்டாம். குறிப்பு எடுக்கவும் பாடக் காணொளி பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். டேலியைக் கல்லூரி ஆய்வகத்தில் பழகுங்கள். பணம் சேர்ந்ததும், விண்டோஸ் 11 உள்ள சாதாரணக் கணினி ஒன்றை வாங்குங்கள். உங்கள் படிப்புக்கு விலை உயர்ந்தது தேவையே இல்லை. அதுவரை ஒரு எச்சரிக்கை. சென்ற ஆண்டு என் அக்கா மகள், மேக்கில் துடைத்துத் தயார் செய்த பென் டிரைவில் ஜர்னலை எடுத்துக்கொண்டு, சமர்ப்பிக்க வேண்டிய நாள் காலை ஒன்பதரை மணிக்குக் கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாள். கடைக் கணினி, “இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்ய வேண்டுமா?” என்று கேட்டது, கடைப் பையனின் விரல் ஃபார்மேட் பொத்தானுக்குப் போவதைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்ததாம். மேக் தனக்கென வைத்திருக்கும் கோப்பு முறையில் தயாரான பென் டிரைவை விண்டோஸால் படிக்க முடியாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இருப்பதை மேக் படிக்கும், ஆனால் எழுதாது. எக்ஸ்ஃபேட் முறையில் தயார் செய்தால் இரண்டும் படிக்கும், எழுதும், லினக்ஸும் அப்படியே.

கேள்வி: மும்பைத் தமிழ்த் தொழிலாளர் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆறாம் தலைமுறை ஐ5 சில்லும் 8 ஜிபி ரேமும் கொண்ட என் பழைய கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியற்றது என்கிறது. ஆய்வேடு ஆங்கிலத்தில், ஆனால் தமிழ் மேற்கோள்கள் நிறைய உண்டு. லினக்ஸுக்கு மாறினால் சமாளிக்க முடியுமா?
– ஆய்வு மாணவர், தேவ்னார்

பதில்: தாராளமாக முடியும். லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் தயங்காமல் சொல்வது உங்களைப் போன்றவர்களிடம்தான். எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சில்லுகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் அவை பயனற்றுப் போய்விடவில்லை. லினக்ஸின் இன்னொரு வகையான, 2024இல் வெளிவந்த லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, பார்வைக்கும் விண்டோஸ் பழகியவருக்கு அந்நியமாக இராது. கணினியில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறதென்றால், முதலில் அதை எஸ்எஸ்டியாக (சுழலாத, வேகமான சேமிப்பகம்) மாற்றுங்கள். வேகத்தில் நீங்கள் காணப்போகும் வேறுபாட்டில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வரும். நிறுவுவதற்கு முன்பு, ஒரு பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்த்து, வைஃபை பிடிக்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, துறையின் புரொஜெக்டர் ஒத்துழைக்கிறதா என்று ஒரு நாள் சோதியுங்கள்.

மேற்கோள் குறிப்புகளைத் திரட்டும் ஜொடேரோ, வரைபடங்களுக்கான க்யூஜிஐஎஸ், புள்ளியியலுக்கான ஆர் ஆகிய மூன்றும் லினக்ஸில் நன்றாக ஓடுகின்றன. நேர்காணல்களைப் பகுத்தாய உங்கள் நெறியாளர் என்விவோதான் வேண்டும் என்று வற்புறுத்தினால் மட்டும் சிக்கல். அது விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே உண்டு. இதை அவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். அவர் வேர்டில் சிவப்பு எழுத்தில் திருத்தி அனுப்புபவராக இருந்தால், வேர்டுக்கு மாற்றான இலவச லிப்ரே ஆபீஸ் அந்தத் திருத்தங்களைக் காட்டும், உங்கள் திருத்தங்களையும் திருப்பி அனுப்பும். அட்டவணைகளும் அடிக்குறிப்புகளும் கொஞ்சம் இடம் மாறக்கூடும்.

தமிழ்ப் பகுதியில்தான் கவனம் தேவை. விண்டோஸில் லதா எழுத்துருவில் அமைத்த மேற்கோள், லதா இல்லாத லினக்ஸில் வேறோர் எழுத்துருவில் விழும், மேக்கில் இன்னொன்றில் விழும். தமிழ் எழுத்துருக்களின் அகலம் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதால், வரிகள் உடைந்து, 212 பக்கம் 219 ஆகி, பொருளடக்கத்தின் எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றை முதல் நாளிலேயே தேர்ந்துகொண்டு, நீங்கள் தொடும் எல்லாக் கணினிகளிலும் அதையே நிறுவிவிடுங்கள். அச்சுக்குப் பிடிஎஃப் மட்டுமே கொடுங்கள். பழைய சங்க மலர்களோ துண்டறிக்கைகளோ பாமினி எழுத்துருவில் தட்டச்சானவையாக உங்களிடம் இருந்தால், அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஆய்வேட்டுக்குள் கொண்டுவாருங்கள். பாமினியில் உள்ளது திரைக்குத்தான் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல், அதில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. தட்டச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். சென்னையில் 1999இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியாக வந்த தமிழ்99 விசைப்பலகை மூன்று இயங்குதளங்களிலும் கிடைக்கிறது.

கேள்வி: ஒரே மடிக்கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் தனித்தனியாக நிறுவிக்கொள்ளலாமா?
– வாசகர், டோம்பிவிலி

பதில்: கொள்ளலாம், ஆனால் செமஸ்டர் நடுவில் வேண்டாம். நான் பட்டதைச் சொல்கிறேன். உறவுக்காரப் பையன் ஒருவனுடைய புதுக் கணினியில் உபுண்டு ஏற்றுவதற்காக, கணினி எழும் விதத்தைத் தீர்மானிக்கும் தொடக்க அமைப்பில் ஒன்றிரண்டை மாற்றினேன். மறுபடி விண்டோஸைத் திறந்தபோது, நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிட்டது. புதுக் கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும், தொடக்க அமைப்பு மாறினால் சாவி கேட்கும். அது அதன் கடமை, அதை முன்கூட்டியே பார்க்காதது என் பிழை. சாவி, கணினியை முதலில் அமைத்தவருடைய கணக்கில் இருக்கும். தேடிப் பார்த்ததில், வாங்கிய அன்று கடைப் பையன் அவசரத்தில் தன் சொந்த மின்னஞ்சலையே போட்டு அமைத்திருந்தது தெரிந்தது. அவரைத் தொலைபேசியில் பிடித்தோம். ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுக் கட்டுகள்; அவர் இரண்டிரண்டு இலக்கங்களாகச் சேர்த்து இந்தியில் வாசிக்க வாசிக்க, நான் தட்டினேன். 49, 59, 69 என்னும் உன்சாஸ், உன்சட், உன்ஹத்தர் மூன்றும் நாற்பது ஆண்டு மும்பை வாழ்க்கைக்குப் பிறகும் என்னைத் தடுமாற வைப்பவை. மூன்றாம் முறைதான் திறந்தது.

ஆகவே, கணினியை உங்கள் சொந்த மின்னஞ்சலில் நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். கோப்புகள் அனைத்தையும் வெளி வட்டில் ஒரு பிரதி எடுங்கள். எதிலும் கை வைப்பதற்கு முன், அந்த 48 இலக்கத்தை அச்சிட்டு, ரேஷன் கார்டு இருக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள்.