40 வயதுக்கு மேல் சமையல் பயிற்சி எடுத்தால் உண்மையிலேயே வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் ஹோட்டலில் தேடாதீர்கள்.

"அம்மாவுக்கு 44 வயது, ஆறாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார், நன்றாகச் சமைப்பார்" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. குடும்பச் செலவு அம்மா தலையில்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் வயது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'ஹுனர் சே ரோஸ்கார் தக்' பயிற்சி 28 வயதுக்காரர்களோடு நின்றுவிடும், எட்டாவது பாஸும் கேட்பார்கள். கிராமப்புற வேலைப் பயிற்சித் திட்டமான டி.டி.யு.-ஜி.கே.ஒய்.யில் (தீன் தயாள் உபாத்யாய கிராமீண் கௌசல்ய யோஜனா) பெண்களுக்கு 45 வரை இடம் உண்டு. நீங்கள் கிராமம் என்றால் நாளையே விசாரியுங்கள். இரண்டுமே இல்லையென்றால் தொண்டு நிறுவனங்கள்தான்.

அப்படி ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். நான் திருச்சியில் ஹோட்டலில் சமைக்கிற சரக்கு மாஸ்டராக இருந்தவன். கணவர் விட்டுப்போனவர்கள், குடியிலிருந்து மீண்டவர்கள், சிறையிலிருந்து வந்த ஒருவர் என்று கலந்து இருப்பார்கள். கையில் கொடுத்த பாடத்திட்டத்தில் ஒயிட் சாஸ், பிரவுன் சாஸ் என்று இருந்தது. நம்மூர் மெஸ்ஸில் யார் பிரவுன் சாஸ் கேட்கிறார்கள்? கேட்டரிங் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அடிப்படை தெரியத்தான் வேண்டும். ஆனால் இவர்களுக்குச் சமைக்கத் தெரியாமலா இருந்தது?

ஒரு அக்கா வைக்கும் சாம்பார் எனக்கே வராது. ஆனால் 10 லிட்டர் வைக்கச் சொன்னால் கை நின்றுவிடும். வீட்டில் எல்லாம் கண்ணளவு. குறிப்பு அட்டையைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் தாளிப்பு கருகிவிடும். அப்புறம்தான் கவனித்தேன், தராசில் ஓடும் எண்ணை மட்டும் டக்கென்று படிப்பார். ரேஷன் கடையில் எடை குறைகிறதா என்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். அட்டையில் பருப்பு, புளி, உப்பு எல்லாவற்றுக்கும் படம் ஒட்டி, பக்கத்தில் கிராம் எண்ணை மட்டும் எழுதினோம். அந்த வாரமே அவர் சாம்பார் எத்தனை தரம் வைத்தாலும் ஒரே ருசி. ஹோட்டலுக்கு வேண்டியது அதுதான். ஒருநாள் அமிர்தமாக இருந்து மறுநாள் மாறினால் முதலாளி முறைப்பார்.

கத்தியும் அப்படித்தான். வாழ்நாளெல்லாம் அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்கியவரை மேசை முன்னால் நிற்க வைத்தால், விரலைவிட முதுகுதான் முதலில் போகும். நின்று பழகவே தனியாக நாள் ஒதுக்க வேண்டும். எந்தப் புத்தகத்தில் இது இருக்கிறது?

சரி, அந்த அக்கா கற்றுக்கொண்டார், வேலை? ஹோட்டலில் பிரேக் ஷிப்ட். மதியம் முடிந்து மூன்றரைக்கு விடுவார்கள், ஆறரைக்குத் திரும்ப வந்தால் ராத்திரி பதினொன்று. 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான், ஆனால் அந்த நேரத்தில் அவர் ஊருக்கு பஸ்ஸே இல்லையே. சேர்ந்த இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறையும் கிடையாது. மாதம் முடியும் முன்பே நின்றுவிட்டார். நிறுவனத்தின் கணக்கில் மட்டும் அவர் 'வேலையில் அமர்த்தப்பட்டவர்'. தொப்பி போட்டு எடுத்த போட்டோ இன்னும் சுவரில் தொங்குகிறது.

சிறையிலிருந்து வந்த தம்பி கதை வேறு. உள்ளே பெரிய அண்டாவில் சமைத்தவர், அளவு சொல்லித்தரவே வேண்டாம். சேர்ந்து நன்றாகத்தான் போனது. போலீஸ் சரிபார்ப்பு என்று ஒரு காகிதம் கேட்டார்கள், அன்றோடு சரி. அவரை நான்தான் இப்போது என் கல்யாண ஆர்டர்களுக்கு வைத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, சோற்றுப் பதம் அவரளவுக்குப் பார்க்கிற ஆள் எனக்குக் கிடைக்கவில்லை.

   

அந்த அக்கா இப்போது ஒரு கல்லூரி விடுதி மெஸ்ஸில் இருக்கிறார். காலையில் போனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் வீடு. நான் சொல்வதும் அதுதான்: விடுதி, மருத்துவமனை, ஆலை கேன்டீன். 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் கேன்டீன் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது, அதனால் அந்த வேலை என்றும் உண்டு. 2013-ல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது ஒரு ரூபாய் இட்லியை அவித்துப் போட்டவர்கள் மகளிர் குழுப் பெண்கள்தான். அவர்களிடம் யார் டிப்ளமா கேட்டது?

பயிற்சியில் சேர்க்கும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள். போன பேட்ச்சில் வேலைக்குப் போனவர்கள் ஆறு மாதம் கழித்தும் அங்கேயே இருக்கிறார்களா? எந்த ஷிப்டில்? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். அப்புறம், உணவைக் கையாள்கிறவர்களுக்கு வருடா வருடம் மருத்துவப் பரிசோதனையும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும் என்பது விதி. அந்தச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள், நேர்காணலில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.