படம் வரவில்லையா? முகவரியைப் பாருங்கள்
வாசகர் கேள்வி பதில்: கோடிங் இல்லாமல் வலைப்பக்கம்

கேள்வி: சீமங்கி மென்பொருளில் உள்ள, கோடிங் இல்லாமல் வலைப்பக்கம் செய்யும் கருவியான கம்போசரில் பக்கம் செய்தேன். என் கணினியில் எல்லாப் படங்களும் தெரிகின்றன. சர்வரில் ஏற்றியதும் ஒன்றுகூட வரவில்லை. ஏன்?

பதில்: நீங்கள் சேர்க்கும் படம் பக்கத்துக்குள் போய் உட்காருவதில்லை. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரியைத்தான் கம்போசர் எழுதிவைக்கிறது. பக்கத்தின் கோடைக் காட்டும் 'எச்டிஎம்எல் சோர்ஸ்' டேப் அடியில் இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள். முகவரி 'ஃபைல்' என்று தொடங்கி, உங்கள் சி டிரைவ் வழியாகப் போனால் கோளாறு அங்கேதான். சர்வரில் உங்கள் சி டிரைவ் கிடையாது.

பக்கத்தைச் சேமிக்காமலே படம் சேர்ப்பதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. பக்கம் எந்த ஃபோல்டரில் இருக்கப்போகிறது என்று தெரியாதபோது, அங்கிருந்து படத்துக்கு வழி சொல்ல மென்பொருளால் முடியாது. ஆகவே முதலில் ஒரு ஃபோல்டர். அதற்குள் படங்களுக்குத் தனியாக இன்னொன்று. வெற்றுப் பக்கமாக இருந்தாலும் 'இன்டெக்ஸ்' என்று பெயரிட்டுச் சேமித்துவிடுங்கள். அதன் பிறகே படம். ஏற்கெனவே சேர்த்த படங்களை அழிக்க வேண்டாம். பக்கத்தைச் சேமித்தபின் படத்தை இரண்டு முறை கிளிக் செய்தால் வரும் பெட்டியில், முகவரியைப் பக்கத்தின் இடத்தைச் சார்ந்ததாக ஆக்கும் கட்டம் இருக்கும். அதில் டிக் போடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை: ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, பக்கத்தைப் பிரவுசரில் திறந்து பாருங்கள். இந்த ஃபோல்டர் வழியாகப் போகும் பழைய முகவரி எங்காவது ஒளிந்திருந்தால் அந்தப் படம் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

சோதனையில் தேறிய படமும் சர்வரில் வரவில்லையென்றால் கோப்பின் பெயரைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். லினக்ஸ் சர்வருக்கு வேறுவேறு. கேமரா தரும் கோப்புகளில் 'ஜேபிஜி' பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும். விண்டோஸ் அந்தப் பின்னொட்டை மறைத்துவைப்பதால் கண்ணில் படுவதில்லை. எல்லாப் பெயர்களையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். படம் சேர்ப்பதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது. பிறகு மாற்றினால் முகவரியையும் மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: அதே பக்கம் போனில் பொடி எழுத்தாகத் தெரிகிறது. பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டியிருக்கிறது.

பதில்: பக்கம் ஒன்றும் சொல்லாவிட்டால் போன் பிரவுசர்கள் அதைச் சுமார் 980 பிக்சல் அகலமாக எடுத்துக்கொண்டு, சிறிய திரைக்குள் சுருக்கிக் காட்டுகின்றன. கோடின் தொடக்கத்தில் உள்ள 'ஹெட்' பகுதியில் 'வியூபோர்ட்' என்ற மெட்டா வரி, அதாவது பிரவுசருக்கான குறிப்பு, வேண்டும். அகலம் கருவியின் அகலமே என்று அது சொல்லும். கம்போசர் தானாக இதைச் சேர்ப்பதில்லை. கோடிங் வேண்டாம் என்பவர்களும் இந்த ஒரு வரிக்காக 'சோர்ஸ்' டேபுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

பக்கவாட்டு நகர்வுக்குக் காரணம் பிக்சலில் அகலம் கொடுத்த டேபிள்தான் என்று நினைக்கிறோம். 900 பிக்சல் என்று இருப்பதை 100 சதவீதமாக மாற்றுங்கள். பெரிய படமும் இதே தொல்லையைத் தரும். படத்தின் மூலையை இழுத்துச் சிறிதாக்குவது தீர்வல்ல: பார்வைக்குத்தான் சுருங்கும், 4000 பிக்சல் கோப்பு முழுவதும் இறங்கத்தான் செய்யும். கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் 1200 பிக்சலுக்குக் குறைத்து, ஜேபெக் தரம் 80 வைத்து ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பைச் சேருங்கள்.

கேள்வி: நான் தமிழில் எழுதியது நண்பரின் போனில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வருகிறது.

பதில்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அதில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே; எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் வேடம் கலைந்துவிடும். எழுத்தை மாற்றித் தரும் என்எச்எம் கன்வெர்ட்டர் மென்பொருளில், தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடாக மாற்றி ஒட்டுங்கள். பக்கத்தைச் சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, பழைய எழுத்துருவின் பெயரையும் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் கணினியில் மட்டும் தோற்றம் மாறித் தெரியலாம்.

கேள்வி: கம்போசரைப் போன்ற இன்னொரு மென்பொருளான கொம்போசெர் எனக்குப் பழகிவிட்டது. அதிலேயே தொடரலாமா?

பதில்: வேண்டாம். 2010க்குப் பிறகு அதில் வளர்ச்சி இல்லை, எச்டிஎம்எல்5 அதற்குத் தெரியாது. அதில் செய்த பக்கங்களைக் கம்போசரில் அப்படியே திறக்கலாம்.