‘நன்றே’ வந்து ‘இன்றே’யை மறிக்கும்போது

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, இதுவரை யாரும் குறை சொன்னதில்லை, ஆனாலும் ஒரு மாதாந்திர அறிக்கையை ஒன்பது நாளாகத் தொட முடியவில்லை என்கிறாய். “நான் சோம்பேறி, இந்த வேலைக்கே லாயக்கில்லை” என்று தீர்ப்பையும் நீயே எழுதி அனுப்பிவிட்டாய். இதில் எனக்கு என்ன வேலை மிச்சம் வைத்திருக்கிறாய் என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

சோம்பேறிக்கு வேலை கிடப்பது உறுத்தாது. நீயோ இந்த ஒன்பது நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். நடுவில் பக்கத்து இருக்கைக்காரர்களின் வேலை நான்கை முடித்தும் கொடுத்திருக்கிறாய். ஒரே ஒரு கோப்பிடம் மட்டும் கை போகவில்லை என்றால், அந்தக் கோப்பைத் திறந்ததும் மனசுக்குள் என்ன பேச்சு ஆரம்பிக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

நீ எழுதிய அந்தக் காலையையே எடுத்துக்கொள்வோம். ஒன்பதரைக்குக் கோப்பைத் திறக்கிறாய். தலைப்பை அடிக்கிறாய். எழுத்துருவை மாற்றுகிறாய். முதல் வாக்கியம் எழுதியதும் ‘மேலாளர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்’ என்று தோன்றுகிறது, அழிக்கிறாய். மறுபடி எழுதுகிறாய், மறுபடி அழிக்கிறாய். வயிற்றில் ஒரு கனம். சரி, மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனதும் கனம் இறங்கிவிடுகிறது. அந்த நிம்மதிதான் தள்ளிப்போட்டதற்குக் கிடைத்த கூலி. உடனுக்குடன் கூலி கிடைக்கும் வழியில்தானே மனசு நாளையும் போகும்? ஃபுஷியா சிரோயிஸ், டிமோத்தி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-இல் எழுதிய கட்டுரையின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: நேரத்தைக் கையாளத் தெரியாததைவிட, அந்த நேரத்துச் சங்கடத்திலிருந்து தப்பிக்கப் பார்ப்பதே தள்ளிப்போடுதலுக்குப் பெரிய காரணம். நீ ஆசையாய்ப் போட்ட கால அட்டவணை நாலாம் நாளே கைவிட்டுப்போனதில் ஆச்சரியமில்லை.

மாலையில் நீ செய்வது இன்னும் மோசம். உன்னையே திட்டிக்கொள்கிறாய். திட்டினால் ரோஷம் வரும், நாளை முடித்துவிடுவோம் என்று கணக்கு. திட்டத் திட்ட அந்தக் கோப்பின் மேல்தான் கசப்பு ஏறுகிறது. நாளை அதைத் திறப்பது இன்றைவிடக் கஷ்டமாகிறது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல் குழுவினர் முதலாண்டு மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2010-இல் வெளியிட்டார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் இழுத்தடித்ததற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்கு முன்பைவிடக் குறைவாகவே இழுத்தடித்தார்கள். மன்னித்தால் குளிர்விட்டுப் போய்விடும் என்று நாம் பயப்படுகிறோம். அங்கே நடந்தது நேர்மாறு.

இனி ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். கோப்பை மூடத் தோன்றும் அந்தக் கணத்தில் மனசு சொல்லும் வாக்கியத்தை, சொன்னது சொன்னபடி எழுது. “எனக்கு இது வராது.” எழுதியாயிற்றா? அதன் கீழே, எது வராது என்று கேட்டு எழுது. “அறிக்கை வராது.” அதில் எந்த இடம்? “மூன்றாவது பகுதி.” அங்கே என்ன? “போன காலாண்டு எண்களோடு ஒப்பிட வேண்டும். பழைய எண்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று தெரியவில்லை.” பார், முதல் வரியை வைத்துக்கொண்டு அழத்தான் முடியும். கடைசி வரிக்கு எழுந்துபோய் ஒருவரிடம் கேட்டால் போதும். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இந்த நாலு வரி இறக்கத்திலேயே பாதி பாரம் குறைந்துவிடுகிறது.

“எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் பிடிபடுவேன்” என்ற வரியும் உன் கடிதத்தில் இருக்கிறது. பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் இதே நினைப்பைப் பற்றி 1978-லேயே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அதைக் கண்டது படிப்பிலும் வேலையிலும் நன்றாகச் சாதித்த பெண்களிடம்.

‘ஒன்றே செய், நன்றே செய், அதுவும் இன்றே செய்’ என்று உனக்கும் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். உன் விஷயத்தில் ‘நன்றே’ வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது, ‘இன்றே’ உள்ளே வர முடியவில்லை. அதனால் நாளை மட்டும் மோசமாக எழுது. இருபத்தைந்து நிமிடம், அழிக்கும் விசையைத் தொடக்கூடாது. எண் தெரியாத இடத்தில் ‘இங்கே எண் வரும்’ என்று போட்டுவிட்டுத் தாண்டிப் போ. எப்போது ஆரம்பிப்பது என்பதையும் இன்றே முடிவு செய்: “காலைக் கூட்டம் முடிந்து இருக்கைக்கு வந்து உட்கார்ந்ததும், மூன்றாவது பகுதியின் முதல் அட்டவணையைத் திறப்பேன்.” ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதைப் போல இது நழுவாது. (இந்தப் பதிலையே நான் மூன்று நாள் கழித்துத்தான் எழுதுகிறேன். நேற்று ‘அன்புள்ள’ என்று மட்டும் அடித்துவிட்டு எழுந்துபோனேன்.)

அப்புறம், மேலாளர். கெடு தாண்டிவிட்டதால் அவர் கண்ணில் படாமல் நடக்கிறாய் என்று எழுதியிருந்தாய். நீ ஒளிய ஒளிய, அவர் கையில் உன்னைப் பற்றி இருக்கும் ஒரே தகவல் உன் மௌனம்தான். இப்படி எழுது: “வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்ன அறிக்கை இன்னும் முடியவில்லை. இதுவரை எழுதிய வரைவை இணைத்திருக்கிறேன். மூன்றாவது பகுதிக்குப் போன காலாண்டு எண்கள் தேவை. எங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியுமா? கிடைத்த மறுநாள் முழுவதையும் தந்துவிடுகிறேன்.” மன்னிப்பு வேண்டுமானால் ஒரே வரி. உடம்பு சரியில்லை, இணையம் போய்விட்டது என்று காரணம் ஜோடிக்காதே. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் நாலு நாள் ஒளிய வேண்டியிருக்கும்.

எல்லாத் தள்ளிப்போடுதலும் இந்த வகை என்று சொல்ல மாட்டேன். என்ன எதிர்பார்க்கிறார்கள் என்றே சொல்லாமல் தலையில் கட்டிய வேலை என்றால், தெளிவாகக் கேட்டு வாங்குவதுதான் மருந்து. சின்ன வயதிலிருந்தே எதிலும் கவனம் நிற்காமல் அலைந்தது என்றால் அதற்கு வேறு பரிசோதனை இருக்கிறது. தூக்கம், பசி எல்லாம் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் மனம் கனத்தே கிடந்தால், நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரைப் பார்த்துவிடு.

உன் அம்மாவும் என்னிடம் பேசினார். “வீட்டில் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் சார், முடித்துவிட்டாயா முடித்துவிட்டாயா என்று” என்றார். அக்கறைதான். ஆனால் உள்ளே ஏற்கெனவே ஒருத்தர் அதையே கேட்டுக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து இன்னொரு குரல் எதற்கு? “இன்றைக்கு எந்த இடத்தில் நின்றது?” என்று வேண்டுமானால் கேளுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள் என்றேன். “சரி சார்” என்று சொல்லி வைத்தவர், பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டு, “ஒரு வாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்தா?” என்று கேட்டார்.