எடையும் குறைய வேண்டும், விந்தணுவும் பெருக வேண்டும்: ஒரே மாத்திரை போதுமா?

கேள்வி: எனக்கு வயது 34. உயரம் 170 சென்டிமீட்டர். எடை 104 கிலோ. திருமணமாகி நான்கு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 90 லட்சம் அணுக்களே இருப்பதாகத் தெரிந்தது. அமுக்கரா (அஸ்வகந்தா), பூனைக்காலி, குடம்புளி ஆகியவற்றின் சாரம் கலந்த மாத்திரை இரண்டையும் சரிசெய்யும் என்கிறார் நண்பர். மனைவியிடம் சொல்லாமல் தொடங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: தொடங்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் வரம்பு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம். உங்கள் எண்ணிக்கை அதைவிடக் குறைவுதான். ஆனால் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. காய்ச்சல் வந்து போனால்கூட எண்ணிக்கை சில வாரங்களுக்குச் சரியும். எனவே உறவைத் தவிர்க்க வேண்டிய இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளியைச் சரியாகக் கடைப்பிடித்து, மீண்டும் ஒரு முறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறை குறியீடு உங்களுக்குச் சுமார் 36. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்னும் நொதி, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடக் கூட இம்மாற்றமும் கூடுகிறது. ஈஸ்ட்ரஜன் மிகும்போது, விந்தணு உற்பத்தியைத் தூண்டுகிற ஹார்மோன்களை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி குறைத்துக்கொள்கிறது. தொடையிலும் அடிவயிற்றிலும் சேரும் கொழுப்பால் விதைப்பையின் வெப்பம் உயர்வதும், குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத் தடையும் நிலைமையை மோசமாக்கக்கூடும்.

இனி மூலிகைகளுக்கு வருவோம். அமுக்கராவுக்குச் சான்றே இல்லை என்று சொல்ல மாட்டேன். அணு எண்ணிக்கை குறைந்த 46 ஆண்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 675 மில்லிகிராம் வேர்ச் சாரத்தை 90 நாள்கள் உட்கொண்டவர்களுக்கு எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தது. ஆனால் 46 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. அவர்களுக்குக் குழந்தை பிறந்ததா என்பதை அளந்த ஆய்வும் அல்ல அது. பூனைக்காலி விதை குறித்தும் நம்பிக்கை தரும் சிறு ஆய்வுகள் உண்டு; ஆயினும் பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகும் லெவோடோபா என்னும் வேதிப்பொருள் அதில் இருப்பதால், மனநோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உட்கொள்பவர்கள் தாமாக அதைத் தொடக் கூடாது. கொழுப்புணவு கொடுத்துப் பருமனாக்கிய எலிகளில் பல தாவரச் சாரங்கள் பலனளித்ததாக வரும் செய்திகளை எலிகளைப் பற்றிய செய்திகளாகவே படியுங்கள்.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. நம் மரபில் அமுக்கரா உடல் தேற்றியாக, மெலிந்து களைத்தவர்களுக்குச் சதைபிடிக்கக் கொடுக்கப்பட்டது. தாது விருத்திக்கென்று விற்கப்படும் லேகியங்கள் பலவற்றில் சர்க்கரையும் நெய்யும் தாராளமாகவே இருக்கின்றன. அதே வேரை எடைக் குறைப்பு மாத்திரையாக விற்பவர் மரபின் பெயரைச் சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது.

குடம்புளி குமரி மாவட்டத்து மீன் குழம்பில் இருக்கும்வரை கவலையில்லை. அதன் செறிவூட்டிய சாரத்தை எடைக் குறைப்புக்காக உட்கொண்டவர்களுக்குக் கடும் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. மிகையான அளவு கொடுக்கப்பட்ட எலிகளில் விரைகளே சிதைந்ததும் பதிவாகியுள்ளது. அமுக்கராவும் சிலருக்குக் கல்லீரல் அழற்சியை உண்டாக்கியிருக்கிறது. போதாக்குறைக்கு, இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்னும் இரசாயன மருந்து, மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் எடைக் குறைப்பு மாத்திரைகளில் கலந்திருப்பது உலகின் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது.

எடை குறைந்தால் மட்டும் பலன் கிடைக்குமா என்றால், அதற்கு நல்ல சான்று இருக்கிறது. டென்மார்க்கில் குறியீடு 32 முதல் 43 வரை இருந்த 56 ஆண்கள், எட்டு வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் சராசரியாக 16.5 கிலோ குறைத்தபோது, அவர்களது அணுச் செறிவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று. எடையை மீண்டும் ஏறவிடாதவர்களிடம் அந்தப் பலன் ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்தது. அவர்கள் நாளொன்றுக்கு 800 கலோரி மட்டுமே உட்கொண்டது மருத்துவக் கண்காணிப்பில். வீட்டில் நீங்களாக அதை முயல வேண்டாம். சோற்றின் அளவைப் பாதியாக்குவது, இனிப்புப் பானங்களையும் மதுவையும் விடுவது, நாள்தோறும் முக்கால் மணி நேரம் வேகமாக நடப்பது என்று தொடங்குங்கள். விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும் என்பதால், அதற்கு முன் பலனை எதிர்பார்க்காதீர்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பரிந்துரைத்தால் உறுதியாக மறுத்துவிடுங்கள். வெளியிலிருந்து செலுத்தப்படும் அந்த ஹார்மோன், உங்கள் சொந்த விந்தணு உற்பத்தியை முற்றிலும் நிறுத்திவிடக்கூடும்.

இதற்கிடையே சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரைப் பார்த்து, விதைப்பையின் இரத்த நாளங்கள் புடைத்துச் சுருண்டிருக்கும் நிலை (வெரிகோசீல்) இருக்கிறதா என்று சோதித்து, ஹார்மோன், சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் இந்த முடிவுகளைக் காட்டி, அவர் தரும் மருந்தைக் கல்லீரல் பரிசோதனையோடு உட்கொள்ளலாம். மனைவியிடம் மறைக்க வேண்டாம்; நான்கு ஆண்டுகள் கடந்த நிலையில் அவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவருக்கு 35 வயது நெருங்குகிறது என்றால், உங்கள் எடை குறையும்வரை காத்திருக்காமல் இருவருமாக இந்த மாதமே கருத்தரிப்பு மருத்துவரைச் சந்தியுங்கள்.