பசித்த குழந்தையும் நம் துயரமும்

அன்புள்ள ஐயா,

விருதுநகர் பக்கம் சிறிய அச்சகம் நடத்திவந்தேன். சென்ற ஆண்டு கடன் தாங்காமல் அதை மூடி, வீட்டையும் விற்று, இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். தனியார் பள்ளியில் படித்த மகளை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தேன். ஒரு திங்கட்கிழமை அவளை விடப் போனபோது காலை உணவு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் உப்புமாவை இரண்டாம் முறை வாங்கி, அதில் பாதியை நோட்டுத் தாளில் மடித்துப் பையில் வைத்தான். கேட்டதற்கு, "தம்பிக்கு" என்றான். அன்று முதல் என் கஷ்டத்தை நினைக்கவே கூசுகிறது. என் மனைவியோ, "அவன் பசியைச் சொல்லி நம் வலியை ஏன் மூடுகிறீர்கள்?" என்கிறாள். எது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவியின் பக்கமே நான் நிற்கிறேன். அந்தப் பையன் பசித்திருந்ததால் உங்கள் கடனில் ஒரு ரூபாயும் குறையவில்லை. கட்டிய வீட்டை விட்டு வெளியேறிய வலியும் பொய்யாகிவிடவில்லை. நமக்கு ஆறுதல் தருவதற்காக எந்தக் குழந்தையும் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருவதில்லை. நம் துயரத்தை ஒரு தட்டிலும் அவன் பசியை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்து, நம்முடையது லேசு என்று பெருமூச்சு விட்டால், நிறுத்து முடித்த பிறகு அவனை நாம் மறந்துவிடுவோம். எனக்கு அச்சம் தருவது அந்த மறதிதான்.

ஆனால் உங்கள் கூச்சத்தில் மதிக்கத்தக்க ஒன்று இருக்கிறது. அச்சகம் ஓடிய நாட்களிலும் அந்தப் பையனைப் போன்றவர்கள் அதே ஊரில் இருந்தார்கள்; இப்போதுதான் அவன் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறான்.

என் அம்மா பல ஆண்டுகள் ஒரு கிராமப் பள்ளியில் சத்துணவுச் சமையலராக இருந்தார். திங்கட்கிழமை என்றால் சோறு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பார்; சனி, ஞாயிறு இரண்டு நாளும் சில வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது அன்றைய அண்டாவைப் பார்த்தாலே தெரியும். பசிக்கிறது என்று எந்தப் பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லாது. வயிறு வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்றுதான் சொல்லும். அப்படிச் சொன்ன ஒரு சிறுமியிடம் அம்மா "பசிக்குதா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "இந்தப் பாத்திரத்தைக் கழுவணும், இதில இருக்கிறதைத் தீர்த்துக் குடுடி கண்ணு" என்பார். அவளும் ஏதோ உதவி செய்வதுபோல் உட்கார்ந்து உண்பாள். இரக்கம் என்று நான் அறிந்ததெல்லாம் அந்தச் சமையற்கூடத்தில் கற்றதுதான்.

நல்ல மனம் கொண்ட ஒரு சமையலர் வாய்த்தால் மட்டுமே குழந்தைக்குச் சோறு என்ற நிலை போதாது என்பதால்தான் அதைத் திட்டமாக்க வேண்டியிருந்தது. காமராசர் 1950-களில் பள்ளிகளில் தொடங்கிய மதிய உணவை, 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தபோது, அதை வீண்செலவு என்று சொன்னவர்கள் பலர். சிறுவயதில் பசியை அனுபவித்த அவர் அதற்காகப் பின்வாங்கவில்லை. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குச் சமைத்த மதிய உணவு தரவேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. மதியச் சோறு கிடைத்தாலும் காலையில் ஒன்றும் உண்ணாமல் வகுப்பில் துவண்டு கிடந்த பிள்ளைகளுக்காக 2022 செப்டம்பரில் இங்கே காலை உணவு வந்தது. நீங்கள் பார்த்த உப்புமா அதுதான். வரிசையில் நிற்கும் பிள்ளை யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, தன் ஏழ்மையை மெய்ப்பிக்க வேண்டியதும் இல்லை. உங்கள் மகளும் அதே வரிசையில் உட்கார்ந்து உண்ணட்டும். அதில் குறைச்சல் எதுவும் இல்லை. அந்தப் பையனைச் சுட்டிக்காட்டி, "அவனைப் பார், நீ சோற்றை மிச்சம் வைக்கிறாயே" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவளுடைய வகுப்புத் தோழனை அவளுக்கு முன் கீழிறக்கும் சொல் அது.

இப்போது நீங்கள் அந்தப் பள்ளியின் பெற்றோர். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோராகவே இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போங்கள். சாம்பாரில் காய் இருக்கிறதா, உணவு நேரத்துக்கு வருகிறதா, இரண்டாம் முறை கேட்கும் பிள்ளைக்குத் தயங்காமல் போடுகிறார்களா என்று பாருங்கள்.

அந்தத் தம்பியின் வயதை நீங்கள் எழுதவில்லை. பள்ளிக்கு வரும் வயது ஆகாதவன் என்றால் காலை உணவு அவனுக்குக் கிடையாது. ஆனால் அங்கன்வாடியில் அவனுக்கு மதியச் சோறு உண்டு, கைக்குழந்தை என்றால் வீட்டுக்குச் சத்துமாவு உண்டு. அவன் பெயர் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம், அண்ணன் காதில் விழாதபடி, இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.