ஹான்போக் நாடா முடிச்சு ஏன் செங்குத்தாக நிற்கிறது?

ஹான்போக் (கொரியப் பாரம்பரிய உடை) மேற்சட்டையின் நாடாவைக் கட்டினால் முடிச்சு செங்குத்தாக நிற்கிறது, பட்டு வழுக்குவதாலா என்று கேட்டிருந்தீர்கள். முடிச்சின் இரண்டாவது சுற்று தலைகீழாக விழுகிறது, அதுதான் காரணம். அதனால்தான் வளையம் பக்கவாட்டில் படுக்காமல் மேலும் கீழுமாக நிற்கிறது, நடந்தாலே நழுவுகிறது. நீங்கள் சந்தேகப்பட்டதுபோல் பட்டு வழுக்குவது அல்ல. அநேகமாக ஷூ லேஸ் கட்டும் பழக்கத்தில் கை போகிறது.

அவிழ்த்துவிட்டு இப்படிக் கட்டிப் பாருங்கள்:

1. மேற்சட்டையின் (ஜொகோரி) இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வரட்டும். நீள நாடாவின் மேல் குட்டை நாடாவைக் குறுக்கே போட்டு, அடியில் நுழைத்து மேலே இழுங்கள்.

2. மேலே வந்த குட்டை நாடாவை வளைத்து இறக்கி ஒரு துளை செய்யுங்கள். நீள நாடாவை மடித்து, மடிப்பு உங்கள் இடப்பக்கம் வரும்படி அதற்குள் நுழைத்து மெல்ல இறுக்குங்கள்.

கண்ணாடியில் பாருங்கள்: ஒரே ஒரு வளையம், படுக்கையாக. இரண்டு வால்களும் ஒன்றையொட்டி ஒன்றாகப் பாவாடைமேல் நேராக விழ வேண்டும். மணிபோல் உப்பிய பாவாடை, வளைந்த சட்டைக்கையின் கீழ் விளிம்பு என்று எல்லாமே வளைவாக இருக்கும் உடையில் இந்த இரண்டு நேர்கோடுகள்தான் அழகு. இரண்டு வளையம் வந்தால் பரிசுப் பொட்டலம் மாதிரி ஆகிவிடும்!

ஒன்று மட்டும்: வாடகைக்கு எடுத்த உடை என்றால் முடிச்சு ஏற்கெனவே தைத்து, உள்ளே அழுத்துபொத்தான் வைத்திருக்கலாம். அதை அவிழ்க்க முயலாதீர்கள். அப்புறம், கழுத்தின் வெள்ளைப் பட்டைக்குள் விறைப்புக்குத் தாள் வைத்திருப்பார்கள். அதில் தண்ணீர் படக்கூடாது.