40 வயதுக்கு மேல், யாரிடமும் படிக்காமல் வாட்டர் கலர் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். ராத்திரி யூடியூப் பார்த்து வரைந்து, விடிந்ததும் கிழித்துப் போடுகிறவர் நீங்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மதுரை சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை திறக்கும்வரை வண்டியூர் தெப்பக்குளத்துக் கரைச் சுவர்தான் என் பள்ளிக்கூடம்.

அப்போது குளத்தில் தண்ணீரே கிடையாது. 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். தைப்பூசத்துக்கு நிலைத்தெப்பம்தான், அதாவது தெப்பம் மிதக்காமல் நின்ற இடத்திலேயே நிற்கும். நான் மட்டும் மைய மண்டபத்தின் நிழல் தண்ணீரில் விழுவதுபோல வரைந்துகொண்டிருப்பேன். பந்து பொறுக்க வந்த ஒருவன் எட்டிப் பார்த்து, "எங்கண்ணே இருக்கு தண்ணி?" என்றான்.

நிஜமாகவே தண்ணீர் வந்த பிறகுதான் நான் வரைந்த நிழல் எல்லாம் தப்பு என்று தெரிந்தது.

வீடியோவில், "பத்து நிமிடம் காயட்டும்" என்பார்கள். அது அவர்கள் ஊர்க் குளிருக்குச் சரி. சித்திரையில் இங்கே வானத்தின் இந்த மூலையில் பூசி அந்த மூலைக்குப் போவதற்குள் இது காய்ந்து கோடு விழுந்துவிடும். பனிமூட்டம் எங்கே வரும்? கடைசியில் 300 ஜிஎஸ்எம் என்கிற தடிமனான காட்டன் காகிதத்தை இரண்டு பக்கமும் நனைத்து, ஈரத்துண்டின் மேல் விரித்துப் பார்த்தேன். அப்புறம்தான் நேரம் கிடைத்தது. நான் வண்ணத்தோடு இங்க்கும் சேர்த்து வரைகிறவன். ஈரத்தின் பளபளப்பு மங்கும்போது இங்க்கை வைத்தால் தூரத்து மரங்கள் புகைபோலப் பரவும். மண்டபத் தூண்களுக்கு நன்றாகக் காய வேண்டும். விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். பேனா மை மட்டும் வேண்டாம். மேலே வண்ணம் பட்டதும் கரைந்து ஓடும். வாட்டர்ப்ரூஃப் இந்தியன் இங்க் வாங்குங்கள்.

ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். படிப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. எனக்கு இன்றும் முகம் வரைய வராது. என் படங்களில் எல்லோரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது அதனால்தான், கலைநயம் ஒன்றுமில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: ஃப்ரேம் போடக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். மவுண்ட் (படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விடும் அட்டை) வைக்காமல் கண்ணாடியைப் படத்தோடு ஒட்டிப் போட்டுவிடுவார்கள், ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். எனக்கு அதோடும் போகவில்லை. எனக்கே பிடித்த ஒரே படத்தில் கீழே அரை அங்குலத்தைக் காணோம். கேட்டதற்கு, "ஓரத்துல ஏதோ கிறுக்கியிருந்துச்சுண்ணே, சுத்தமா வெட்டிட்டேன்" என்றார். என் கையெழுத்து.